மல்லாட்டை, செக்கு, அப்புறம் எங்கம்மாவோட சம்பள பாக்கி

போன வாரம் காட்பாடியில இருந்து ஒரு தம்பி ஃபோன் பண்ணாரு. வேலைய விட்டுட்டு ஊர்ல மரச்செக்கு போடலாம்னு இருக்காராம், அவங்க அப்பாவுக்கு நாலு ஏக்கர் இருக்காம், "எவ்ளோ முதல் வேணும்ண்ணா, மெஷின் எங்க வாங்கினீங்க, மானியம் கெடைக்குமா"ன்னு வரிசையா கேட்டாரு. எனக்கு தெரிஞ்சத எல்லாம் சொன்னேன். ஃபோன வெச்சிட்டு டீ குடிக்கும்போது தான் தோணுச்சு, சொல்ல வேண்டிய ஒண்ண மட்டும் சொல்லவே இல்லியேன்னு. அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு ஒடுகத்தூர் பக்கம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு தாலுக்கா. பின்னாடி மலை, காடு. எங்க தாத்தா இன்னொருத்தர் வீட்ல படியாளா இருந்தவரு, அவங்க கெணத்துல கவலை ஓட்டினவரு. இப்ப இருக்கற பசங்களுக்கு கவலைன்னா மனசுல இருக்கற கவலை தான் தெரியும், ரெண்டு மாட்டையும் சரிவுல ஓட்டினா கெணத்துக்குள்ள இருந்து தோல் சால் தண்ணியோட மேல வரும், வாய்க்கால்ல கொட்டும், திரும்ப மாட்ட பின்னாடியே நடத்தி மேல கொண்டு வரணும், விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் இதே தான். அப்டி சேத்து அவரு வாங்கினது ஒண்ணரை ஏக்கர் கொல்லை. மானாவாரி, செம்மண்ணு, கல்லு. எங்கப்பா அத மூணு ஏக்கர் ஆக்கினாரு, ஒரு கெணறும் வெட்டினாரு. கெணத்துல தண்ணி இருந்தா கத்திரிக்காய், இல்லன்னா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. இவ்ளோ தான் எங்க சொத்து கணக்கு.

நான் அதுல கை வைக்கவே இல்ல. பி.காம் முடிச்சிட்டு ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில சேந்து ஒம்போது வருஷம் ஓட்டினேன், கடைசில செலவு கணக்கு போடற காஸ்டிங் செக்‌ஷன். ஒரு ஜோடி ஷூவுக்கு கட்டிங் எத்தன நிமிஷம், தையல் எத்தன நிமிஷம், அச்சுல இழுத்து ஒட்டற லாஸ்டிங் எத்தன நிமிஷம்னு எல்லாம் தாள்ல இருக்கும். ஒரு லேஸ் வெல கூட விட்டுப் போவாது. வெளிநாட்டு பையர் அஞ்சு ரூபா கொறைன்னா எங்க கொறைக்கறதுன்னு அந்த தாள பாத்து தான் சண்ட போடுவோம். 2016ல வடகிழக்கு மழை சுத்தமா பொய்ச்சுப் போச்சில்ல, அந்த வருஷம் அப்பாவுக்கு உடம்பும் முடியாம போயிடுச்சு, அண்ணன் ஒத்த ஆளா மாட்டிக்கினு அல்லாடினான். 2017ல நான் வேலைய விட்டுட்டு வந்துட்டேன். விவசாயத்து மேல ஆசையில எல்லாம் வர்ல, பொய் சொல்லக் கூடாது.

வந்த முதல் வருஷம் ஆடிப்பட்டம் மல்லாட்டை போட்டோம். அறுவடை முடிஞ்சு அப்பா சொன்னாரு, "பரவால்லடா, ஏக்கருக்கு பத்து பதினோராயிரம் நின்னுது"ன்னு. எனக்கு பழைய வேலை புத்தி. எப்டி நின்னுதுன்னு கேட்டேன். அவருக்கு கோவம் வந்துடுச்சு. ஆனா கணக்கு எங்கம்மா கிட்ட இருந்துச்சு, நோட்டுல இல்ல, காலண்டர்ல. மளிகைக் கடையில குடுக்கற முருகன் படம் போட்ட மாசக் காலண்டர், ஒவ்வொரு தேதி கட்டத்துலயும் சின்னச் சின்ன கோடா போட்டிருக்கும். அன்னிக்கு எத்தன பொம்பள ஆளு களைக்கு வந்தாங்களோ அத்தன கோடு. எங்கம்மா மூணாங்கிளாஸ் தான், ஆனா கோடு தப்பாது.

ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ஏக்கருக்கு எழுதினோம். விதை பருப்பு அம்பது கிலோ, ட்ராக்டர் ஓட்டினது, உரம், 45ஆம் நாள் மண் அணைக்கும்போது போட்ட ஜிப்சம் 160 கிலோ, ரெண்டு தரம் களை, புடுங்க, காய் ஆய, வண்டி வாடகை, எல்லாம் சேத்து கைய விட்டு போன பணம் 18,500. வந்த காய் 700 கிலோ. மண்டியில போட்ட வெல கிலோ 42. மொத்தம் 29,400. மீதி 10,900. அப்பா சொன்னது சரி தான்.

அப்போ தான் நான் கேட்டேன், "யம்மா, இந்த கோட்டுல நீ எங்க"ன்னு.

"நான் இன்னாத்துக்குடா அதுல? நான் வூட்டு ஆளு."

களைக்கு பத்து பேரு வந்தா பதினோராவது ஆளு அவங்க. எல்லாருக்கும் முன்னாடி இறங்கி எல்லாருக்கும் பின்னாடி ஏறுவாங்க, நடுவுல வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் டீ, கூழு. அண்ணி அதே மாதிரி. அண்ணன் ராத்திரில காட்டுப்பன்னிக்கு காவல், மலையடிவாரத்துல கொல்லை வெச்சிருக்கறவனுக்கு தான் அந்த கொடுமை தெரியும், காய் பால் புடிக்கற நேரத்துல ஒரு கூட்டம் இறங்குச்சுன்னா விடியறதுக்குள்ள உழுது போட்ட மாதிரி ஆக்கிடும், பரண் மேல டார்ச்சும் தகர டப்பாவும் வெச்சிக்கினு உக்காந்துருப்பான். நாலு பேரு நாளையும் ஏக்கருக்குன்னு பிரிச்சு கூட்டினோம், காவல விட்டுட்டே 46 நாள் வந்துச்சு. அப்போ ஊர்ல ஆளுங்களுக்கு குடுத்த அதே 250 ரூபா போட்டா 11,500.

பத்தாயிரத்து தொள்ளாயிரத்துல இருந்து பதினோராயிரத்து ஐநூற கழிங்க. 600 ரூபா நஷ்டம். அதாவது நாங்க நாலு பேரும் அடுத்தவன் கொல்லைக்கு கூலிக்கு போயிருந்தா 600 ரூபா கூடுதலா வந்திருக்கும், பன்னி பயமும் இருந்திருக்காது.

நான் எதோ பெருசா கண்டுபுடிச்சிட்டேன்னு நெனச்சேன், அப்டியெல்லாம் இல்ல, மத்திய சர்க்காரு ஆதார வெல நிர்ணயம் பண்ணும்போதே குடும்ப உழைப்புன்னு தனியா ஒரு கணக்கு சேக்கறாங்க, கைய விட்டு போன செலவு ஏ2, குடும்ப உழைப்பு எஃப்எல், ரெண்டும் சேத்து ஏ2 ப்ளஸ் எஃப்எல்னு அதுக்கு பேரு. எம்.எஸ். சுவாமிநாதன் கமிஷன் செலவுக்கு மேல பாதி சேத்து வெல குடுன்னு சொன்னதெல்லாம் எல்லாரும் பேசறோம். ஆனா தில்லியில எழுதற அந்த வரிய நம்ம வூட்டு நோட்டுல எழுதறோமா? இத்தனைக்கும் அந்த வருஷம் ஆதார வெல குவிண்டாலுக்கு 4,450. மண்டியில எங்களுக்கு கெடைச்சது 4,200, அதுலயும் மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுன்னு புடிச்சிக்கினாங்க. ஈரமாம். தராசுக்கு பக்கத்துல நின்னு காய குலுக்கி காட்னேன், கலகலன்னு சத்தம் வருது, ஈரம் எங்க இருக்குன்னேன். அந்த ஆளு என்ன பாக்கவே இல்ல, அடுத்த மூட்டைய ஏத்துன்னாரு.

சரி, நோட்டு போட்டாச்சு. அடுத்த பட்டத்துல இருந்து வூட்டு ஆளுங்களுக்கும் கூலி எழுதணும்னு சொன்னேன். அண்ணன் சிரிச்சான், "அப்போ பன்னி காவலுக்கு ஓவர்டைமா, உங்க கம்பெனில டபுள் இல்ல?"ன்னான். எழுதிக்கோன்னேன். அப்பா தான் ஒத்துக்கல. நோட்டுல "கூலி"ன்னு தலைப்பு போட்டு அதுக்கு கீழ அவரு பேர எழுதினத பாத்துட்டு நோட்ட தூக்கி போட்டுட்டாரு. "எங்கப்பன் கூலி வாங்கி வாங்கி தான் இந்த கொல்லைய வாங்கினான். நான் கூலிக்காரன் இல்லன்னு ஆவறதுக்கு தான். நீ படிச்சிட்டு வந்து என்ன திரும்பவும் கூலின்னு எழுதறியா?"

எனக்கு பதில் இல்ல. ரெண்டு நாள் அவரு என் கூட பேசல. மூணாவது நாள் நானே அந்த பக்கத்த கிழிச்சிட்டு "சம்பளம்"னு தலைப்பு போட்டு எழுதினேன். ஒண்ணும் சொல்லாம பாத்துட்டு போனாரு. அம்மா மட்டும், "எனக்கு கூலின்னே எழுது, எனக்கு இன்னா வந்துது, நாள மட்டும் உடாம எழுது"ன்னாங்க.

இது தாங்க நான் அந்த தம்பிக்கு சொல்லாம விட்டது. செக்கு எல்லாம் அதுக்கப்புறம் வந்தது. சம்பளம் எழுத ஆரம்பிச்சதும் தான் கிலோ 42க்கு மண்டியில போடறதுக்கு நாங்க விவசாயமே பண்ண வேணாம்னு எங்களுக்கே புரிஞ்சுது. இல்லன்னா "பரவால்ல, நின்னுது"ன்னு சொல்லிக்கினே இன்னும் இருவது வருஷம் ஓடியிருக்கும்.

புரிஞ்சிட்டா உடனே வழி தெரிஞ்சிடுமா, அதுவும் இல்ல. 2018 வருஷம் சுமாரா தான் போச்சு. 2019ல ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி அனுப்பினாங்களே, அந்த வருஷம் கோடையில எங்க கெணத்துல பாற தெரிஞ்சுது, மாடு ஒண்ண பொய்கை சந்தையில வித்துட்டு வந்தோம், செவ்வாக்கிழம விடிகாலைல ஓட்டிக்கினு போயி வந்த வெலைக்கு குடுத்தது. அண்ணி அன்னிக்கு சாப்புடல. அதுல ஒரே நல்லது, அந்த வருஷம் கடைசில வந்த மழையில கொஞ்சம் காய் தேறுச்சு, வெல ஏறட்டும்னு மூட்டைய வெச்சிருந்தோம். 2020 மார்ச்ல லாக்டவுன். மண்டி இல்ல, வண்டி இல்ல.

ஆனா பால் வண்டிக்கு தடை இல்ல. அண்ணன் கூட படிச்சவரு ஒருத்தரு வேலூருக்கு பால் கொண்டு போவாரு. வீட்ல தோல் ஒடச்சு பருப்பாக்கி, பக்கத்து ஊரு செக்குல ஆட்டி, பழைய சில்வர் டின்னுல ஊத்தி அந்த வண்டியிலயே ஏத்தி விட்டோம். சத்துவாச்சாரில என் கூட ஷூ கம்பெனில வேல பாத்தவரு இருக்காரு, அவரு அப்பார்ட்மெண்ட்ல எட்டு வீடு. அந்த எட்டு வீடு தான் ஆரம்பம். வீட்டம்மாங்க வாட்ஸாப்ல ஒருத்தருக்கு ஒருத்தரு சொல்லி ஆகஸ்ட்டுக்குள்ள அறுவதாச்சு.

கணக்கு சொல்லிடறேன், கேக்கறவங்க நெறைய பேரு இருக்கீங்க. அதே 700 கிலோ காய ஒடச்சா 490 கிலோ பருப்பு நிக்கும், நூத்துக்கு எழுவது. அதுல சூம்பினது, கருத்தது, பூஞ்சை எல்லாம் பொறுக்கி எடுத்தா 450. லிட்டருக்கு ரெண்டரை கிலோ பருப்புன்னு 180 லிட்டர் எண்ணெய். அப்போ நாங்க குடுத்த வெல லிட்டர் 220, ஆக 39,600. புண்ணாக்கு ஒரு 270 கிலோ, நாப்பது ரூபான்னா 10,800. மொத்தம் அம்பதாயிரத்துக்கு மேல. ஆட்டு கூலி, பாட்டில், டெலிவரி பெட்ரோல், பருப்பு பொறுக்கற சம்பளம் எல்லாம் கழிச்சும் மண்டியில போட்டத விட நல்லாவே நின்னுது. புண்ணாக்குல பாதி எங்க மாட்டுக்கே போவும், பால்ல ஃபேட் ஏறுச்சுன்னு சொசைட்டில கேட்டாங்க.

2021ல சொந்தமா ஒரு வாகை மரச் செக்கு போட்டோம். சின்ன உணவு தொழிலுக்குன்னு மத்திய அரசு திட்டம் 2020ல வந்துச்சு, அப்போ 35 சதவீதம் மானியம், பத்து லட்சம் வரைக்கும், பேங்க் லோனோட சேந்தது. உணவு பாதுகாப்பு பதிவு அப்போ வருஷத்துக்கு நூறு ரூபா. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கெணத்து மோட்டாருக்கு குடுக்கற ஃப்ரீ கரண்ட்ல செக்கு ஓட்டக் கூடாது. அதுக்கு தனி சர்வீஸ் வாங்கணும், தனி மீட்டர், பில்லு. நாங்க அதுக்கு அலைஞ்சது தனி கத, இங்க வேணாம்.

இப்ப நாங்க பண்ண பெரிய தப்பு. 2021 நவம்பர் ஞாபகம் இருக்கும், பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டு வெள்ளம், கார்த்திகை சமயம். எங்க ஊர்ல விடாம மழை. மொட்ட மாடில காய போட வழியே இல்ல, வீட்டுக்குள்ள ஃபேன் போட்டு பரப்பி வெச்சிருந்தோம். கையில அறுவது எழுவது ஆர்டர். புது செக்கு, கடன், எனக்கு அவசரம். அம்மா ஒரு பருப்ப எடுத்து பல்லுல வெச்சு கடிச்சு பாத்துட்டு "காயல"ன்னாங்க. காஞ்ச பருப்பு டக்குன்னு ரெண்டா ஒடையும், கட்டை விரலால தேச்சா செவப்பு தோலு அப்டியே உதுந்துடும். இது பல்லுல நசுங்குச்சு, தோலு ஒட்டிக்கினு இருந்துச்சு. நான் கேக்கல. ஆட்டிட்டேன். ஆட்டின எண்ணெய ரெண்டு மூணு நாள் வெயில்ல வெச்சு கசண்ட அடியில நிக்க விடணும், வெயில் தான் இல்லியே, துணியில வடிகட்டி பாட்டில்ல ஊத்தி அனுப்பிட்டேன்.

பத்து நாள்ல ஃபோன் மேல ஃபோன். எண்ணெ கலங்கியிருக்கு, கசண்டு நிக்குது, ஒரு மாதிரி வாட வருது. ஒரு மேடம் பாட்டில திருப்பி குடுக்கும்போது திட்டவே இல்ல, "உங்க கிட்ட இருந்து இத எதிர்பாக்கல தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க, திட்டியிருக்கலாம். மொத்தம் 42 லிட்டர் திரும்பி வந்துச்சு. எல்லாருக்கும் காச திருப்பி குடுத்தோம். விளக்குக்காவது கோயிலுக்கு குடுத்துடலாமான்னேன். "நம்ம சாப்புட மாட்டோம், சாமிக்கு மட்டும் குடுப்பியா"ன்னு அம்மா கேட்டாங்க.

அதுக்கப்புறம் தான் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு போனேன். மதிலழகுக்கு பேரு போன ஊரு, நாங்க ஒழுங்கா காய வெக்கறது எப்டின்னு கத்துக்க போனோம். ஈரத்தோட வெச்சா பருப்புல பச்சையும் மஞ்சளுமா ஒரு பூஞ்சை புடிக்கும், அஃப்ளடாக்சின்னு ஒரு வெஷம் அதுல இருந்து வருதுன்னும், பருப்புல ஈரம் எட்டு சதவீதத்துக்கு மேல போவக் கூடாதுன்னும் அங்க தான் சொன்னாங்க. ஈரம் பாக்கற மீட்டர் ஒண்ணு வாங்கினேன். இப்ப ஒவ்வொரு ஈடுக்கும் முன்னாடி நான் மீட்டர வெப்பேன், அம்மா பல்லுல வெப்பாங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா தான் செக்கு ஓடும். இது வரைக்கும் பல்லு தோத்ததில்ல.

இப்ப ரெண்டு செக்கு, சொந்தம் மூணு ஏக்கரோட குத்தகைக்கு நாலு, மாசத்துக்கு நானூறு வீடு கிட்ட போவுது. எங்க காய் பத்தாது, அதனால பக்கத்து கொல்லைக்காரங்க கிட்டயும் வாங்கறோம், மண்டிய விட மூணு ரூபா கூட, கழிவு புடிக்கறதில்ல, எலக்ட்ரானிக் தராசு அவங்க பக்கம் பாத்து வெச்சிருக்கும். பெருமைக்கு சொல்லல, அந்த தராசுக்கு முன்னாடி நின்னவன் நான்.

சனிக்கிழமல எண்ணெயோட முள்ளு கத்திரிக்காயும் போவும். எங்களுக்கு பக்கத்துல தான் இலவம்பாடி, வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சதுல இருந்து முள்ளு இருக்கற காயெல்லாம் இலவம்பாடின்னு ஆயிடுச்சு மார்க்கெட்ல, அத பத்தி தனியா ஒரு நாள் பொலம்பறேன். அத பறிக்கறது லேசுபட்ட வேல இல்ல, காம்புல, எலையில, தண்டுலன்னு எல்லா எடத்துலயும் முள்ளு. அண்ணி கை வெரல் நுனி எல்லாம் கருப்பு கருப்பா புள்ளி இருக்கும். அவங்க நோட்டுல கத்திரிக்காய் நாளுக்கு மட்டும் அம்பது ரூபா கூட எழுதணும்னு அவங்களே சொல்லி வாங்கினாங்க. அண்ணன் முனகினான். எழுதினோம்.

கடைசியா பாக்கி விஷயம். சம்பளம் எழுதினோமே தவிர ரொம்ப நாள் குடுக்கல. எங்க குடுக்கறது, இருக்கறதெல்லாம் செக்குக்கும் கடனுக்கும் போச்சு, எழுதினா போதும்னு நெனச்சிட்டோம். 2023ல லோன் பாதி முடிஞ்சதும் ஒரு நாள் எல்லாரும் சாப்புட்டுக்கினு இருக்கும்போது அம்மா அந்த நோட்ட கொண்டு வந்து என் தட்டுக்கு பக்கத்துல வெச்சாங்க. "கூட்டு." கூட்டினேன். அவங்க பங்கு மட்டும் 1,87,500.

அண்ணன் சொன்னான், "யம்மா, ஒரு நல்ல செயினா எடுத்துடலாம்"ன்னு.

"செயின் நீ குடுக்கறது. இது என்து."

அப்பா தட்ட பாத்துக்கினே சிரிச்சாரு. கூலின்னு எழுதினதுக்கு நோட்ட தூக்கி போட்ட அதே மனுசன்.

அப்போல இருந்து வாராவாரம் எல்லாருக்கும் சம்பளம் கையில குடுத்துடறோம், பழைய பாக்கிக்கு மட்டும் மாசம் 5ஆம் தேதி அம்மா அக்கவுண்ட்ல அஞ்சாயிரம். 28 தவணை முடிஞ்சுது, இன்னும் 47,500 இருக்கு. அன்னிக்கு காலையிலயே பாஸ்புக்க மஞ்சப்பையில போட்டு ரெடியா இருப்பாங்க, பேங்க்ல பதிவு போட்டு அந்த வரிய பாத்தா தான் வருவாங்க. இந்த மாசம் 5 ஞாயித்துக்கிழமையா போச்சு. ஜிபேல போட்டுடறேன், மெசேஜ் வரும்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க. திங்கக்கிழமை பஸ்ல அவங்க கூட ஒருத்தரு வரணுமாம், போயிட்டு வர்ற அர நாள எந்த கணக்குல எழுதறதுன்னு இப்ப அண்ணனுக்கும் அவங்களுக்கும் சண்ட.